செடி அடர்ந்தால் மீன் பெருகுமா?

பிச்சாவரத்திலும் கிள்ளைக் கழிமுகத்திலும் உப்புமண்ணில் வளரும் உமரிச் செடியும், கடலோரச் சேற்றில் வளரும் கண்டல் மரமான சுரபுன்னையும் அடர்ந்தால் மீன் தானாகவே பெருகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கே பெருகும், அடர்த்தியைவிட, செடிக்கும் நீருக்கும் இடையிலான விளிம்பே, அதாவது வேர்கள் நீரைத் தொடும் ஓடைக்கரையே, பெரிதும் தீர்மானிக்கிறது என்பது என் கருத்து.

கடலில் பொரித்து ஓதத்தோடு (கடல் நீரேற்றத்தோடு) உள்ளே வரும் மடவைக் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும், கொடுவா போன்ற பெரிய மீன்கள் எளிதில் நுழைய முடியாத வேரிடுக்குகளில் ஒளிந்துகொண்டு, உதிர்ந்த இலைகள் மட்கிய துகள்களையும் வேர்களில் படியும் பாசியையும் உண்டு வளர்கின்றன. இலை நிழல் ஆழமற்ற நீரின் சூட்டையும் தணிக்கிறது.

ஆனால் ஓடைகள் தூர்ந்துபோனால், எவ்வளவு பசுமை இருந்தாலும் மீன் உள்ளே வர வழியில்லை. பிச்சாவரத்தில் முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் தாழ்ந்து, தேங்கிய ஓதநீர் வற்றி உப்பு மிகுந்ததால் கண்டல் மீண்டும் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி ஓதநீரை ஓடவிட்ட பிறகே அங்கு கன்றுகள் பிழைத்தன. ஆகவே உங்கள் ஊர்க் கழியில் கன்று நடுவதற்கு முன், ஓதம் எதுவரை ஏறி இறங்குகிறது என்பதை முதலில் பாருங்கள்.