எல்லா ரிவியூவும் ஒருவர் தலையில் விழுந்தால்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர் கொண்ட சின்ன சாஃப்ட்வேர் டீம். எனக்கு அனுபவம் அதிகம் என்பதால் மற்ற நால்வர் எழுதும் நிரலையும் நான்தான் ரிவியூ செய்கிறேன், அதாவது சேர்க்கும் முன் படித்துச் சரிபார்க்கிறேன். ஒரு நாளில் சராசரியாக இரண்டு புல் ரிக்வெஸ்ட் (பிஆர், அதாவது ஒரு மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) முடிக்கிறேன். ஆனாலும் எப்போது பார்த்தாலும் எட்டு காத்திருக்கின்றன. அதுவரை சும்மா இருக்க முடியாமல் அதே பிராஞ்சின் (நிரலின் தனிக் கிளை) மேலேயே அடுத்த வேலையை ஆரம்பித்துவிடுகிறார்கள். மெயின் என்ற பொதுக் கிளையோடு மெர்ஜ் செய்யும்போது (இணைக்கும்போது) கான்ஃப்ளிக்ட் மேல் கான்ஃப்ளிக்ட், ஒரு மாற்றம் இன்னொன்றோடு மோதுகிறது. என் கமெண்ட்டுகளால் ஒருவருக்கு மனத்தாங்கல் வேறு. "சின்ன டீம்தானே, ரிவியூவே வேண்டாம் என்று விட்டுவிடலாமே" என்கிறார் மேனேஜர். விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம். ஆனால் இப்போது நடக்கிற மாதிரியே தொடரவும் வேண்டாம்.

நீங்கள் கொடுத்த இரண்டு எண்களிலேயே விஷயம் இருக்கிறது. எட்டு காத்திருக்கின்றன, நாளுக்கு இரண்டு முடிகின்றன என்றால், ஒரு பிஆர் சராசரியாக நான்கு நாள் கிடக்கிறது என்று அர்த்தம். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த லிட்டில் விதி இது. சீராக ஓடும் எந்த வரிசைக்கும் பொருந்தும். நீங்கள் ராத்திரி உட்கார்ந்து வேகமாகப் படித்தால் இரண்டு மூன்றாகலாம், படிப்பதும் மேலோட்டமாகிவிடும். வரிசையில் நான்குக்கு மேல் நிற்கக் கூடாது என்று டீம் ஒத்துக்கொண்டால், அதே வேகத்திலேயே காத்திருப்பு இரண்டு நாளாகிவிடும். நடைமுறையில் இதற்கு ஒரே விதி போதும்: புதிதாக ஒரு பிஆர் திறக்கும் முன் காத்திருப்பவற்றில் ஒன்றைப் படித்துக்கொடுக்க வேண்டும். யாரானாலும் சரி.

"அவர்கள் எல்லாம் புதியவர்கள், அவர்கள் படித்து என்ன கண்டுபிடிக்கப் போகிறார்கள்" என்று உங்களுக்குத் தோன்றலாம். ரிவியூ என்றால் தவறு பிடிப்பது என்ற எண்ணம் பழையது. ஐபிஎம்மில் மைக்கேல் ஃபேகன் வகுத்து 1976இல் வெளியிட்ட முறையில் கூட்டம் போட்டு, ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்து நிரலை வரிவரியாகப் படிப்பார்கள். நோக்கம் பிழையைப் பிடிப்பதுதான். இன்றைய ரிவியூ வேறு மாதிரி. 2013இல் மைக்ரோசாஃப்ட் டீம்களைப் பற்றி வெளிவந்த ஆய்வில், ரிவியூ எதற்கு என்று கேட்டபோது பெரும்பாலும் பிழை கண்டுபிடிக்க என்றுதான் சொன்னார்கள். எழுதப்பட்ட கமெண்ட்டுகளை எடுத்துப் பார்த்தால், பிழையைப் பற்றியவை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. நிரலைச் சீர்படுத்துவதும், மற்றவர் என்ன செய்கிறார் என்று புரிந்துகொள்வதுமே கூடுதல்.

ஐந்து பேர் டீமுக்கு இந்தப் பின்பாதிதான் முக்கியம். ஒவ்வொரு பகுதியையும் எழுதியவரைத் தவிர இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் நீங்களே படித்தால் அந்த இன்னொருவர் எப்போதும் நீங்கள்தான். நீங்கள் இரண்டு வாரம் விடுப்பு எடுத்தால் என்ன ஆகும் என்று மேனேஜரிடம் கேட்டுப் பாருங்கள்.

அதனால் முதல் வாசிப்பை நால்வருக்கும் சுழற்சியாகக் கொடுங்கள். புதியவர் ஒருவர் "இந்த லூப் எதற்கு இரண்டு முறை ஓடுகிறது, புரியவில்லை" என்று எழுதினால், அது மதிப்புள்ள கமெண்ட். இன்று அவருக்குப் புரியாதது ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. உங்கள் ஒப்புதல் கட்டாயம் என்பதைப் பணம் கட்டும் பகுதி, லாகின், டேட்டாபேஸ் மாற்றம் என்று ஒரு சிறிய வட்டத்துக்குள் நிறுத்துங்கள். நிரலை வைத்துப் பகிரும் தளங்களான கிட்ஹப், கிட்லேப் இரண்டிலும் கோட் ஓனர்ஸ் என்று ஒரு ஃபைல் வைக்கலாம். எந்த ஃபோல்டருக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்பதை அதில் எழுதிவிட்டால் யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அப்புறம், அளவு. உங்கள் பிஆர்கள் எத்தனை வரி என்று நீங்கள் சொல்லவில்லை. நாளுக்கு இரண்டுதான் முடிகிறது என்றால் பெரியவையாகத்தான் இருக்க வேண்டும். கூகுள் தன் பொறியாளர்களுக்காக எழுதிப் பொதுவில் வைத்திருக்கும் வழிகாட்டியில், 100 வரி நியாயமான அளவு, 1000 வரி பெரும்பாலும் மிகப் பெரிது என்று இருக்கிறது. ஒரே ஃபைலில் 200 வரி பரவாயில்லை. அதே 200 வரி 50 ஃபைல்களில் சிதறியிருந்தால் பெரியதுதான் என்றும் சொல்கிறது.

"இந்த வேலையைப் பிரிக்கவே முடியாது" என்று எழுதியவர் சொல்வார். பெரும்பாலும் முடியும். ஆர்டரில் கூப்பன் தள்ளுபடி சேர்க்கும் வேலை 1200 வரி என்று வைத்துக்கொள்வோம். முதல் பிஆரில் ஃபைல்களின் பெயர் மாற்றம், இடமாற்றம் மட்டும். உள்ளடக்கம் பெரிதாக மாறாதவரை மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் மென்பொருள் அதைப் பெயர் மாற்றம் என்றே காட்டும். படிக்க ஐந்து நிமிடம். நகர்த்திய கையோடு உள்ளேயும் நிறைய மாற்றினால் பழைய ஃபைல் முழுக்கச் சிவப்பு (நீக்கியது), புதியது முழுக்கப் பச்சை (சேர்த்தது). அதில் எது மாறியது என்று தேடுவது தண்டனை.

இரண்டாவதில், டேட்டாபேஸ் டேபிளில் கூப்பனுக்கு ஒரு நெடுவரிசை (column) சேர்ப்பது மட்டும். காலியாக இருக்கலாம் என்றே சேர்க்க வேண்டும், ஏனென்றால் டெப்லாய் (புதிய நிரலை சர்வரில் ஏற்றுவது) நடக்கும்போது பழைய நிரலும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும்; பழையதற்கு அந்த நெடுவரிசை இருப்பதே தெரியாது. கட்டாயமாக்குவது தேவைப்பட்டால் டேபிளில் ஏற்கெனவே உள்ள பதிவுகளை நிரப்பிய பிறகு. மூன்றாவதில் தள்ளுபடியைக் கணக்கிடும் ஃபங்ஷனும் டெஸ்ட்டுகளும். அதை இன்னும் யாரும் கூப்பிடவில்லை, அதனால் மெர்ஜ் ஆனாலும் ஆபத்தில்லை. தள்ளுபடி ஆர்டர் தொகையைவிட அதிகமானால் என்ன, காலாவதியான கூப்பன் வந்தால் என்ன என்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கடைசியில் திரை, ஒரு ஃபீச்சர் ஃபிளாகுக்கு (வசதியை ஆன், ஆஃப் செய்யும் சுவிட்ச்) பின்னால்.

ஃபிளாக் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வேலை முடிந்ததும் அதை நீக்க ஒரு டிக்கெட் போட்டுவிடுங்கள். நைட் கேப்பிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 2012 ஆகஸ்டில் ஒரு பழைய ஃபிளாகைப் புதிய வேலைக்குப் பயன்படுத்தியது. எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரல் ஏறவில்லை. அங்கே அதே ஃபிளாக் பல வருடம் தூங்கிக்கிடந்த பழைய நிரலை எழுப்பிவிட, சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

பிராஞ்ச் மேல் பிராஞ்ச் போடுவதை நீங்கள் தடுக்க வேண்டியதில்லை. காத்திருப்பு குறைந்தால் அதுவும் குறையும். கான்ஃப்ளிக்ட் குவிவதற்குப் பெரும்பாலும் ஸ்குவாஷ் மெர்ஜ்தான் (எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கி இணைப்பது) காரணம். அடிப் பிராஞ்சின் கமிட்டுகள் (பதிந்த மாற்றங்கள்) ஒரே புதிய கமிட்டாகி மெயினில் சேர்ந்துவிடும். மேல் பிராஞ்சிலோ பழைய கமிட்டுகள் அப்படியே இருக்கும். கிட்டுக்கு இரண்டும் ஒன்றென்று தெரியாது. கமிட்டுகளை வேறு இடத்தின் மேல் எடுத்துவைக்கும் ரீபேஸ் கட்டளையில் "ஆன்ட்டூ" (--onto) என்ற ஆப்ஷன் இதற்குத்தான்: அடிப் பிராஞ்சுக்குப் பிறகு வந்த கமிட்டுகளை மட்டும் எடுத்து மெயினின் மேல் வைக்கும். அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து ஒருமுறை செய்து பாருங்கள்.

எவ்வளவு சீக்கிரம் பதில் சொல்வது? கூகுள் வழிகாட்டியில் அதிகபட்சம் ஒரு வேலை நாள். அதற்காக, கவனமாகச் செய்துகொண்டிருக்கும் வேலையைப் பாதியில் விட வேண்டாம் என்றும் அதிலேயே இருக்கிறது. காலையில் வந்ததும் ஒருமுறை, உணவு இடைவேளை முடிந்ததும் ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் போதும்.

மனத்தாங்கல் விஷயம். இடைவெளி, பெயர் வைக்கும் விதம், வரி நீளம் பற்றிய கமெண்ட்டுகள் எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அவை நிரலின் வடிவத்தைத் தானாகவே சரிபார்க்கும் கருவிகளான ஃபார்மேட்டரும் லின்டரும் சொல்ல வேண்டியவை. மெஷின் சொன்னால் யாருக்கும் வலிக்காது. மீதியுள்ளவற்றுக்கு முன்னால் "கட்டாயம்", "விருப்பம்", "கேள்வி" என்று ஒன்றைப் போடுங்கள். "இதை ஏன் இப்படி எழுதினீர்கள்?" என்பது படிப்பவருக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். "கட்டாயம்: பட்டியல் காலியாக வந்தால் இந்த வரியில் நிரல் விழுந்துவிடும், ஒரு டெஸ்ட் சேர்த்துவிடுங்கள்" என்றால் அவர் திருத்திவிட்டுப் போவார். ஒரே விஷயத்தில் இரண்டு சுற்று வாதம் ஆனதும் எழுதுவதை நிறுத்திப் பேசிவிடுங்கள். பேசி முடிவானதைப் பிஆரில் ஒரு வரியாகப் பதிந்துவிடுங்கள்.

மேனேஜர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. எழுத்துப்பிழைத் திருத்தம், டாக்குமென்ட் மாற்றம் ஆகியவற்றுக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். இருவர் சேர்ந்து உட்கார்ந்து எழுதியதை மூன்றாமவர் படிக்கத் தேவையில்லை. சர்வர் விழுந்துகிடக்கும்போது திருத்தத்தை முதலில் ஏற்றிவிட்டு மறுநாள் படித்துக்கொள்ளலாம்.

இப்போது கிடக்கும் எட்டைத் தனியாகத் தீருங்கள். ஒரு மதியம் ஒதுக்கி, எழுதியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவரையே விளக்கச் சொல்லுங்கள். எதன் மேல் வேறு பிராஞ்ச் நிற்கிறதோ அது முதலில். பழையவற்றில் ஒன்றிரண்டு இனி யாருக்கும் வேண்டாததாகியிருக்கும். அவற்றை மெர்ஜ் செய்யாமலே மூடிவிடுங்கள். புதிய விதியை அடுத்த நாளிலிருந்து ஆரம்பிக்கலாம்.