மூன்றாவது டாப்-அப்

கேள்வி: கோவை, வயது 46. கைக்கு வரும் சம்பளம் 2.6 லட்சம். வீட்டுக் கடன் தவணை 62,000. தங்கை கல்யாணத்துக்கும் மாடி கட்டவும் இரண்டு முறை டாப்-அப், அதாவது வீட்டுக் கடன் மேலேயே கூடுதல் கடன், வாங்கியாயிற்று. பிஎம்டபிள்யூ எம்340ஐ மேல் ஆசை. ஆன்ரோடு 90 லட்சம். கையில் 20 இருக்கிறது, மீதி 70-ஐ டாப்-அப்பாகத் தர பேங்க் தயார். சித்தப்பாவோ தன் 1972 மெர்சிடிஸ் 220டி-யை 18 லட்சத்துக்கு என்னையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். கல்யாண வாடகைக்கு விட்டால் போட்ட காசு திரும்பிவிடுமாம். எதை வாங்க?

பதில்: 374 குதிரைத்திறனா, 60-ஆ என்பது உங்கள் ரசனை. என் கண் போனது டாப்-அப் மேல். இடத்தின் விலை ஏற ஏற, வீட்டை ஏடிஎம் மாதிரி பாவிக்கிறீர்கள்.

70 லட்சம், 9% வட்டி, 15 வருடம்: தவணை சுமார் 71,000. பழைய தவணையும் சேர்ந்தால் 1.33 லட்சம், சம்பளத்தில் பாதிக்கு மேல். ஐந்து வருடத்தில் 42 லட்சத்துக்கு மேல் கட்டியிருப்பீர்கள். பாக்கி அப்போதும் 56 லட்சம் நிற்கும். வண்டி அன்றைக்கு 45-க்குப் போனாலே நல்ல விலை. விற்றாலும் கடன் தீராது. கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு வயது 61. ஷோரூமில் ‘உறுதியான பைபேக்’ என்று, சொன்ன விலைக்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு தாளை நீட்டலாம். கிலோமீட்டர் வரம்பும் கீறல் கணக்கும் பொடி எழுத்தில் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

சித்தப்பாவின் வாடகைக் கணக்கும் நிற்காது. 2021 மோட்டார் வாகன விதித் திருத்தப்படி 50 வயது தாண்டிய வண்டியை விண்டேஜாகப் பதியலாம். பதிந்தால் கண்காட்சி, ராலி மாதிரியானவற்றுக்குத்தான் எடுக்கலாம். வாடகைக்கும் கூடாது, அன்றாட ஓட்டத்துக்கும் கூடாது. பழைய பதிவிலேயே வைத்துக்கொண்டாலும் வெள்ளை பிளேட்டில் வாடகை ஓட்ட முடியாது. ‘பழைய கார் ஒரு முதலீடு’ என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். டிரைவர் சீட்டுக்குக் கீழே பாயைத் தூக்கி, தரைத் தகட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். துருப்பிடித்து உள்ளே இறங்கினால் டிங்கரிங் செலவுக்கு ஓர் எல்லை சொல்ல எந்த மெக்கானிக்காலும் முடியாது.

இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். அந்த 20 லட்சத்தில் ஆறு மாதச் செலவை ஒதுக்கிவிட்டு, மீதியில் பழைய டாப்-அப்பை அடைத்துவிடுங்கள். அது தீர்ந்த பிறகும் ஆசை இருந்தால், ஐந்து வருடம் ஓடிய எம்340ஐ ஒன்றைத் தேடலாம்.

சித்தப்பா திடீரென்று வண்டியை விற்கக் கிளம்பியது ஏன் என்று கேட்டீர்களா? சித்தி இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அவருக்கு வேண்டியது இரண்டு லட்சமோ மூன்று லட்சமோவாக இருக்கலாம். அதை வண்டி விலை என்று சொல்லாமல் உதவி என்றே கொடுத்துவிடுங்கள்.