கிணற்றருகே உறிஞ்சுகுழி: எவ்வளவு ஆழம் தோண்டலாம்?

குமரி மாவட்டம் கருங்கல் அருகிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "புது வீட்டின் செப்டிக் டேங்க் கழிவுநீருக்காக, கிணற்றிலிருந்து 30 அடி தள்ளி 10 அடி ஆழத்தில் உறிஞ்சுகுழி தோண்டலாம் என்கிறார் கொத்தனார். ஆழம் கூடக்கூட நல்லதாம். கிணற்றில் சித்திரையில் 25 அடியிலும் ஐப்பசியில் 12 அடியிலும் தண்ணீர் நிற்கும். மேலே செம்மண், கீழே வெட்டுக்கல் (லேட்டரைட்). தோண்டலாமா?"

அந்த இடத்தில், அந்த ஆழத்தில் வேண்டாம். ஆழம் கூடக்கூட நல்லது என்பது மழைநீருக்கு ஓரளவு பொருந்தலாம், கழிவுநீருக்குப் பொருந்தாது.

தரைக்கும் நிலத்தடி நீர்மட்டத்திற்கும் இடைப்பட்ட மண்ணை நிறைவுறா மண்டலம் என்பர். அங்கே மண்துகள்களின் மேல் நீர் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். துளைகளின் நடுவே காற்று நிற்கும். கிணறு தோண்டுகிறவர்கள் அறிவார்கள்: பத்தடியில் மண் ஈரமாகக் கையில் ஒட்டினாலும் நீர் ஊறி வருவதில்லை, ஏனெனில் அந்த நீரின் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவாக இருப்பதால் மண் அதை விடாமல் பிடித்துவைத்திருக்கிறது. கழிவுநீர் தூய்மையாவதும் இதே காரணத்தால்தான். பெரிய துளைகளைக் காற்று அடைத்திருப்பதால் நீர் நுண்துளைகள் வழியே மிக மெதுவாக இறங்குகிறது. கிருமிகள் துகள்களில் ஒட்டி, காற்றில் வாழும் மண் நுண்ணுயிர்களுக்கு இரையாகவோ நாள்பட்டு மடியவோ நேரம் கிடைக்கிறது. மண் முழுவதும் நீரால் நிறைந்துவிட்டாலோ, அதே நீர் பெரிய துளைகள் வழியே பல மடங்கு வேகத்தில் ஓடிவிடும்.

ஆகவே குழியின் அடிக்கும் நீர்மட்டத்திற்கும் இடையே நீர் நிறையாத மண் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதே கணக்கு. அதையும் சித்திரை மட்டத்தை வைத்துப் போடக்கூடாது. நம் மாவட்டத்தில் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் பெய்வதால், மட்டம் ஆண்டில் இருமுறை மேலேறக்கூடும். உங்கள் 10 அடிக் குழிக்குக் கீழே ஐப்பசியில் மிஞ்சுவது 2 அடிதான். நுண்துளைகள் வழியே நீர் தானே மேலேறி மண்ணை நனைத்து வைத்திருக்கும் பகுதி, களி கலந்த மண்ணில் ஒரு மீட்டரையும் தாண்டலாம் என்பதால், அந்த 2 அடியும் பெயருக்குத்தான். இரட்டைக் குழிக் கழிப்பறைகளுக்கான வழிகாட்டுதல் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி கேட்கிறது. அதை இங்கே பொருத்தினால், குழியின் அடி ஏறத்தாழ ஐந்தரை அடிக்குக் கீழே போகக்கூடாது.

வெட்டுக்கல்லைத் தனியே சொல்ல வேண்டும். பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் அதனுள் புழு அரித்தாற்போலக் குழல்கள் ஓடுகின்றன. அவை ஒன்றோடொன்று இணைந்திருந்தால் கழிவுநீர் மண்ணின் வடிகட்டலைத் தவிர்த்துவிட்டு நேராகக் கீழே போய்விடும். எனவே குழியின் அடி செம்மண்ணிலேயே நின்றுவிடட்டும். வெட்டுக்கல்லை உடைத்து இறக்க வேண்டாம்.

தூரமும் போதாது. செப்டிக் டேங்க் கழிவுநீரை மண்ணில் விடும் அமைப்பு குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது, அதாவது ஏறத்தாழ 60 அடி, தள்ளி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். கிணற்றைவிடத் தாழ்வான மூலையைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் சேர்த்தே அளந்து பாருங்கள், நம் ஊரில் இதைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஆழக்குழிக்குப் பதிலாக, ஆழமில்லாத நீண்ட வாய்க்கால் வெட்டி, சரளை பரப்பி, துளையிட்ட குழாய் பதித்தால் நீர் அகலப் பரவி இறங்கும். நாளடைவில் அடியில் கறுப்பாகப் படியும் வழுவழுப்பான படலத்தைக் கண்டு அஞ்ச வேண்டாம். நீரை மெதுவாக விட்டு, கீழுள்ள மண்ணைக் காற்றோட்டமாக வைத்திருப்பதில் அதற்கும் பங்குண்டு. முற்றிலும் அடைத்து நீர் மேலே வழிந்தால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

மண் எல்லாவற்றையும் பிடித்துவைப்பதில்லை. கழிவிலுள்ள அமோனியா காற்றோட்டமான மண்ணில் நைட்ரேட்டாக மாறி நீரோடு இறங்கிவிடும்; கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடிநீரில் அதன் வரம்பு லிட்டருக்கு 45 மில்லிகிராம். ஐப்பசி மழைக்குப் பின் மட்டம் உயர்ந்திருக்கும்போது கிணற்று நீரைக் கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கக்கூடும் என்று காட்டும் பாக்டீரியா), நைட்ரேட் இரண்டுக்கும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கோடையில் எடுத்த மாதிரி சுத்தமாக வந்தால் அதை வைத்து முடிவு கட்ட முடியாது.