கோரி மீன் வளர்ப்புக்கு நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: வில்லிவாக்கத்தில் இருக்கிறேன். வயது 34, தனியார் நிறுவனத்தில் மாதம் 38,000 ரூபாய் சம்பளம். வீட்டில் மூன்றடித் தொட்டியில் ஆறு அல்பினோ கோரிடோராஸ் வளர்க்கிறேன், தரையில் மேயும் சின்னக் கெளுத்தி வகை, சுருக்கமாகக் கோரி என்பார்கள். போன டிசம்பரில் முட்டையிட்டுக் குஞ்சும் வந்தது. மனைவியின் நகையை வைத்து 3 லட்சம் வாங்கி, மாடியில் ஷெட் போட்டு 30 தொட்டி வைக்க ஆசை. 10 பெண் மீன், ஒவ்வொன்றும் மாதம் 150 முட்டை, குஞ்சு 15 ரூபாய். மாதம் 22,500 வரும். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: டிசம்பரில் வந்த குஞ்சுகளில் இன்று எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. எனக்கு முதலில் வேண்டியது அந்த எண்தான். உங்கள் கணக்கில் முட்டை எல்லாம் மீனாகிவிட்டது. முட்டையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. ஓரங்குலம் வளர்ந்து, மீசை தேயாமல், தரையைத் துழாவிக்கொண்டு திரியும் குஞ்சுக்குத்தான் கடைக்காரர் காசு தருவார். அதற்கு இரண்டரை, மூன்று மாதம் ஆகும்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவரின் மாடியில் இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். காலையில் தொட்டிக் கண்ணாடியில் ஜவ்வரிசி மாதிரி முட்டைகள் ஒட்டியிருந்தன. தாய் மீன்களே தின்றுவிடும் என்பதால், விரலால் மெல்ல உருட்டி எடுத்து, பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்து இரண்டு சொட்டு விட்ட தண்ணீர் டப்பாவில் போட்டார். மறுநாள் பாதி முட்டை பஞ்சு பூத்ததுபோல வெள்ளையாகிவிட்டது. அவற்றை உடனே பொறுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பூஞ்சை பரவிவிடும். மிச்சம் நான்காம் நாள் பொரிந்தது. அடுத்த இரண்டு நாள் குஞ்சின் வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவே உணவாகப் போதும். அப்புறம் தினம் இரண்டு வேளை ஆர்ட்டீமியா என்ற கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன இறால் வகையைப் பொரித்துக் கொடுக்க வேண்டும், தின்னாமல் கிடப்பதை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கல்யாணத்துக்குப் போய்விட்டார். அந்தத் தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அதனால் முதல் வருடத்துக்கு 150 முட்டைக்கு 40 மீன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பெண் மீனுக்கு 400 குஞ்சு, 6,000 ரூபாய். தீவனம், மின்சாரம், மருந்து, கேன் தண்ணீர் எல்லாம் சேர்த்து 3,500 போனால் கையில் நிற்பது 2,500.

அதுவும் எல்லா மாதமும் வராது. கோரிக்குத் தென் அமெரிக்க ஆறுதான் சொந்த ஊர். மழை பெய்து ஆற்றுநீர் சட்டென்று குளிரும்போது முட்டையிடுவது அதன் இயல்பு. உங்கள் மீன்கள் டிசம்பரில் முட்டையிட்டதற்கு உங்கள் கைராசியைவிட வடகிழக்குப் பருவமழை பெரிய காரணம். அவற்றுக்கு 22 முதல் 26 டிகிரி சுகமான சூடு. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும்போது, மீனைக் காப்பாற்றினாலே போதும் என்றாகிவிடும். வருடத்தில் ஏழு மாதம் விற்பனை என்றால் 17,500 ரூபாய். நகைக்கடன் வட்டி 10 சதவீதம் என்றே வைத்தாலும், 3 லட்சத்துக்கு வருடம் 30,000 ரூபாய். வட்டிக்கே 12,500 குறைகிறது, அசல் அப்படியே நிற்கிறது. மீன் மழையைப் பார்த்து முட்டையிடும், வட்டி மே மாதத்திலும் ஓடும். வேலையை விடாதீர்கள், நகை லாக்கரிலேயே இருக்கட்டும்.

ஆனால் ஆசையை விடச் சொல்லவில்லை. சேமிப்பிலிருந்து 25,000 ரூபாய்க்குள் ஆறு தொட்டியோடு தொடங்குங்கள். இரண்டு தொட்டி முட்டையிட, நான்கு தொட்டி குஞ்சு வளர்க்க. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் என்று விடுங்கள். கூர்மையான கல் வேண்டாம், நைசான ஆற்று மணல் போடுங்கள். மீசை தேய்ந்த கோரியை யாரும் வாங்க மாட்டார்கள். காற்றில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும், பெரிய ஃபில்டர் குஞ்சுகளை இழுத்துவிடும். நான் கறாராகச் சொல்வது ஒன்று: பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப். ஒரு ராத்திரி கரண்ட் போனால் மூன்று மாத உழைப்பும் போய்விடும். போர் தண்ணீர் என்றால், கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் வைத்துப் பாருங்கள், உப்பு அதிகமானால் ஆர்ஓ தண்ணீர் கலக்க வேண்டிவரும். அந்தச் செலவையும் கணக்கில் எழுதுங்கள்.

அல்பினோ எல்லோரிடமும் இருக்கிறது, விலை ஏறாது. கோரியிலேயே இன்னொரு வகையான ஸ்டெர்பை எட்டுக் குஞ்சு வாங்கி வளர்த்துப் பாருங்கள். வாங்கும்போது விலை கூடத்தான், ஆனால் அது 28 டிகிரி வரை தாங்கும். சென்னைக்கு அதுவே எனக்குச் சரியாகப் படுகிறது.

அலங்கார மீன் சந்தை இருக்கும் கொளத்தூர் உங்களுக்குப் பக்கம்தான். முதல் 50 குஞ்சை எடுத்துக்கொண்டு மூன்று மொத்த வியாபாரிகளிடம் போங்கள். வாயால் சொன்ன 15 ரூபாய், பையில் மீன் இருக்கும்போது எவ்வளவாகிறது என்று தெரியும். மாதவரத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் அலங்கார மீன் வளர்ப்புப் பயிற்சி நடத்துவதுண்டு, ஒரு நாள் லீவு போட்டுப் போய் வாருங்கள்.

மானியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 2020-ல் வந்த பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், வீட்டுப் புறத்தில் அலங்கார மீன் வளர்க்கும் அலகுக்கு 3 லட்சம் ரூபாய் மதிப்பு வைத்திருக்கிறார்கள். பொதுப் பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் மானியம். மனைவி பெயரில் போட்டால் 1.8 லட்சம் வரை கிடைக்க வாய்ப்பு உண்டு. பெரும்பாலும் செலவு செய்து பில் காட்டிய பிறகுதான் பணம் வரும், அதை நம்பி முன்கூட்டியே கடன் வாங்காதீர்கள். இந்த வருடம் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்ட மீன்வளத்துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். மீன் விற்ற பணம் விவசாய வருமானமாகாது, வருமான வரிக் கணக்கில் தொழில் வருமானமாகக் காட்ட வேண்டும்.

இன்றே ஒரு நோட்டு போடுங்கள். தேதி, தண்ணீர்ச் சூடு, முட்டை, பொரிந்தது, எட்டாவது வாரம் மிஞ்சியது, விற்ற விலை. ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் அதில் ஏறியதும் எனக்கு எழுதுங்கள், ஏழாவது தொட்டியைப் பற்றிப் பேசுவோம்.