வட்டம், பட்டை, ஒரு சிறுமி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய தொலைக்காட்சி நாட்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நிகழ்ச்சி ஆரம்பிக்கும் முன் வட்டமும் கட்டமும் வண்ணப்பட்டையுமாக ஒரு படம் அசையாமல் நிற்குமே, அதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ‘இன்னும் ஆரம்பிக்கலை’ என்பதற்கான அறிவிப்பு என்றுதான் நாங்கள் அதை நினைத்திருந்தோம். இப்போது புது டிவி வாங்கியிருக்கிறேன். அந்த மாதிரி ஒரு படத்தை, அதாவது டெஸ்ட் பேட்டர்னைப் போட்டு செட் பண்ணாமல் பார்க்காதே என்கிறார் என் மைத்துனர். நல்ல 4கே வீடியோ ஒன்றை ஓடவிட்டாலே தெரிந்துவிடாதா? இந்தக் காலத்து டிவிக்கும் அதெல்லாம் வேண்டுமா? பிரிட்டனில் இப்படி ஒரு படத்தின் நடுவே ஒரு சிறுமியும் கோமாளி பொம்மையும் இருந்தார்களாமே, அது எதற்கு?

கே.
திண்டுக்கல்

அன்புள்ள கே.,

நான் உங்கள் மைத்துனர் கட்சி. 4கே வீடியோவைப் போட்டால் படம் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா என்று தெரியும். சரியாக இருக்கிறதா என்று தெரியாது. அந்த மயிலின் கழுத்து உண்மையில் எந்த நீலம், அந்தப் பாறை இடுக்கில் எவ்வளவு இருட்டு என்பது படம் எடுத்தவருக்குத்தான் வெளிச்சம். டெஸ்ட் பேட்டர்ன் விடையைக் கையில் வைத்துக்கொண்டு திருத்துகிற தாள். வட்டம் நீள்வட்டமாகத் தெரிந்தால் தவறு. கறுப்புக் கட்டம் சாம்பலாகத் தெரிந்தால் தவறு. ரசனைக்கு அங்கே வேலையில்லை.

சிறுமியிடமிருந்தே தொடங்குகிறேன். பி.பி.சி.யின் இரண்டாம் அலைவரிசை 1967 ஜூலை 1 அன்று வண்ண ஒளிபரப்பைத் தொடங்கியது. மறுநாள் முதல் டெஸ்ட் கார்டு எஃப் என்ற டெஸ்ட் பேட்டர்ன் ஒளிபரப்பானது. அதை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹெர்சீ என்ற பொறியாளர். படத்தில் இருப்பவர் அவருடைய மகள் கேரல், அப்போது வயது 8. பக்கத்தில் பபிள்ஸ் என்ற கோமாளி பொம்மை, ஒரு கரும்பலகை. பலகையில் பாதி ஆடிய ‘எக்ஸ்-ஓ’ விளையாட்டு. அதில் இருக்கும் ஒரு பெருக்கல் குறிதான் மொத்தப் படத்துக்கும் நடுப்புள்ளி. கடையில் மெக்கானிக் அந்தக் குறியைத் திரையின் மையத்துக்குக் கொண்டுவந்தால் போதும்.

முகம் எதற்கு என்றால், பட்டைகளில் நிறம் கொஞ்சம் பிசகினால் நம் கண் சும்மா இருந்துவிடும், ஒரு முகத்தில் பச்சை லேசாகத் தட்டினாலே உடம்பு சரியில்லாதவரைப் பார்த்த மாதிரி ஆகிவிடும். பெரியவர் படம் வைத்தால் உடையும் தலையலங்காரமும் சில வருடங்களில் பழசாகிவிடும் என்பதால் குழந்தையை வைத்தார்கள். கணக்கு சரிதான், அந்தப் படம் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது. திரையில் சுமார் 70,000 மணி நேரம் நின்றதாகச் சொல்வார்கள். எந்த நடிகைக்கும் வாய்க்காத கால்ஷீட். ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும்: ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் தோலில் சரியாகத் தெரிந்த டிவி, மாநிறத்தையும் கறுப்பையும் சரியாகக் காட்டும் என்பதற்கு அந்தக் கார்டில் உத்தரவாதம் இல்லை.

சிறுமியைச் சுற்றி இருப்பவைதான் உண்மையான வேலைக்காரர்கள். வலப்பக்கத்தில் மேலிருந்து கீழே ஆறு கட்டங்களில் செங்குத்துக் கோடுகள், 1.5 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 5.25 வரை, போகப்போக நெருக்கமாக. எந்தக் கட்டம் வரைக்கும் கோடுகள் தனித்தனியாகத் தெரிகின்றனவோ அதுவரைதான் அந்த டிவியின் கூர்மை. அதில் 4.5 மெகாஹெர்ட்ஸ் கட்டம் விசேஷமானது. பிரிட்டன் பின்பற்றிய பால் (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் வண்ணத் தகவல் பயணிப்பது 4.43 மெகாஹெர்ட்ஸில். இரண்டும் அருகருகே இருப்பதால், கறுப்பு வெள்ளைக் கோடுகளையே டிவி வண்ணம் என்று நினைத்துக்கொண்டு, இல்லாத நிறங்களை நெளியவிடும். செய்தி வாசிப்பவர்கள் பொடிக்கோடு போட்ட உடை உடுத்தக் கூடாது என்று அந்தக் காலத்தில் சொன்னதற்கு இதுவே காரணம். இந்தியாவும் இதே 625 வரி பால் முறையைத்தான் எடுத்துக்கொண்டது. நம் ஊர்த் திரைகளிலும் சேலைக் கரைகள் இப்படி மினுமினுத்தன.

கார்டுகளில் கறுப்புப் பட்டையின் நடுவே ஒற்றை வெள்ளைக் கோடு இருக்கும். அதன் வலப்பக்கம் மங்கலாக இன்னொரு கோடு தெரிந்தால் அலை எங்கோ கட்டடத்திலோ மலையிலோ மோதிவிட்டுத் தாமதமாக வருகிறது. எவ்வளவு சுற்றி வருகிறது என்பதைக்கூடத் திரையில் ஸ்கேல் வைத்து அளந்துவிடலாம். ஒரு வரியின் படப்பகுதியை வரைய 52 மைக்ரோ விநாடி ஆகும். 21 அங்குல டிவியில் நிழல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், அந்த அலை கிட்டத்தட்ட 350 முதல் 400 மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறது. நிழலுக்கு டிவியைத் திட்டிப் பயனில்லை, மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்ப வேண்டும்.

நமக்குப் பரிச்சயமான அந்த ஏழு பட்டைகளில் ஒரு தந்திரம் ஒளிந்திருக்கிறது. சாம்பல், மஞ்சள், சியான் (பச்சை கலந்த நீலம்), பச்சை, மெஜந்தா (நீலம் கலந்த சிவப்பு), சிவப்பு, நீலம் என்ற வரிசை வெளிச்சம் இறங்குகிற வரிசை. கறுப்பு வெள்ளை டிவியில் அதுவே படிக்கட்டாகத் தெரியும். இப்போது ஒரு நல்ல நீலக் கண்ணாடி வழியே பாருங்கள். சாம்பல், சியான், மெஜந்தா, நீலம் நான்கிலும் நீலம் ஒரே அளவு கலந்திருக்கிறது. மஞ்சள், பச்சை, சிவப்பில் நீலமே கிடையாது. ஆகவே ஒன்றுவிட்டு ஒன்று ஒளிர்வதும் இருள்வதுமாக நிற்கும். ஒளிரும் நான்கும் சம வெளிச்சத்தில் இருந்தால் வண்ணம் சரி. முதலும் கடைசியும் வேறுபட்டால் கலர் அளவைத் திருத்த வேண்டும், நடுவில் உள்ள சியானும் மெஜந்தாவும் வேறுபட்டால் டின்ட், அதாவது நிறச் சாய்வு. அமெரிக்காவின் என்.டி.எஸ்.சி. முறையில் அனுப்பும் வழியிலேயே நிறம் பிசகும் என்பதால் அங்கே டின்ட் குமிழ் இல்லாமல் முடியாது. ‘ஒரே நிறம் இரண்டு முறை வராது’ என்று அந்த எழுத்துகளுக்குக் கிண்டலாக விரிவு சொல்வார்கள். பால் முறை வண்ண அலையின் ஒரு பகுதியை வரிக்கு வரி தலைகீழாகத் திருப்பி அந்தப் பிசகைத் தானே ஈடுகட்டிக்கொள்ளும். நம் வீட்டுப் பழைய பெட்டிகளில் அந்தக் குமிழ் இல்லாததற்கு அதுவே காரணம்.

இனி உங்கள் புது டிவி. குறுக்கும் நெடுக்குமான கோடுகளைப் போட்டு மூன்று வண்ணக் கதிர்களையும் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை பிக்சர் டியூபோடு போய்விட்டது. எல்.இ.டி. திரையில் வட்டம் கோணினால், யாரோ 4:3 படத்தை இழுத்து 16:9 ஆக்கியிருக்கிறார்கள் என்று மட்டும் பொருள். ஆனால் மூன்று விஷயங்களில் கடையிலிருந்து வருகிற டிவி பெரும்பாலும் தவறாகவே வருகிறது.

முதலில் ‘விவிட்’ மோடிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கு மாற்றுங்கள். விவிட் என்பது ஷோரூம் விளக்கொளியில் பக்கத்துப் பெட்டியைத் தோற்கடிப்பதற்காக வைத்தது. வெள்ளையில் நீலம் ஏறியிருக்கும். மாற்றிய முதல் நாள் படம் மஞ்சளடித்த மாதிரி தோன்றும், மைத்துனரோடு சண்டைக்குப் போகாதீர்கள். பிறகு கறுப்பு. அந்த ஏழு வண்ணப்பட்டைகள் உள்ள பேட்டர்னில், பட்டைகளுக்குக் கீழே வலப்புறம், கறுப்பினூடே மூன்று குட்டிப் பட்டைகள் இருக்கும்: கறுப்பைவிடக் கறுப்பு, சரியான கறுப்பு, ஒரு நூல் வெளுத்த கறுப்பு. அறையை இருட்டாக்கி ‘பிரைட்னஸ்’ஸைக் குறைத்துக்கொண்டே வந்து, முதல் இரண்டும் ஒன்றாகக் கரைந்து மூன்றாவது மட்டும் லேசாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அதற்கும் கீழே போனால் இரவுக் காட்சிகளில் ஆளே தெரியாது. மேலே போனால் இரவெல்லாம் புகைமூட்டம். மூன்றாவது ‘ஷார்ப்னஸ்’. சாம்பல் பின்னணியில் மெல்லிய கறுப்புக் கோடுகள் உள்ள படத்தைப் போடுங்கள். கோட்டின் இருபுறமும் வெள்ளை விளிம்பு தெரிந்தால் அது டிவி தன் கையால் வரைந்தது. விளிம்பு மறையும் வரை குறையுங்கள். பல டிவிகளில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கும்.

படத்தின் நான்கு ஓர அம்புக்குறிகளும் திரை விளிம்பைத் தொடுகின்றனவா என்றும் பாருங்கள். முனைகள் வெட்டுப்பட்டால் மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று ஒன்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள்.

நீலக் கண்ணாடிக்கு அலங்காரக் கடை நீலத்தாளை வாங்கிவிடாதீர்கள், அதில் பச்சையும் ஒழுகும். மெனுவில் நீலத்தை மட்டும் காட்டும் ‘ப்ளூ ஒன்லி’ இருந்தால் அதில் அந்தச் சோதனையைச் செய்யுங்கள், இல்லையென்றால் கலரை அப்படியே விட்டுவிடலாம். இன்னொன்று, செட்டாப் பாக்ஸ் செருகியிருக்கிற ஹெச்டிஎம்ஐ-யில் செய்த மாற்றம் பல டிவிகளில் யூடியூப் ஆப்புக்குப் போகாது. எதில் அதிகம் பார்க்கிறீர்களோ அதன் வழியாகவே பேட்டர்னை ஓடவிடுங்கள்.