ஜன்னல் கைப்பிடி கையோடு வந்துவிட்டதா? கேள்விகளும் பதில்களும்

மரவேலையில் தொடங்கி, பிறகு ஹார்ட்வேர் கடை வைத்து, இப்போது மகனிடம் கடையை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருப்பவன் நான். ஜன்னல் கைப்பிடி பற்றி யாராவது கேட்டால் சொல்கிறேன் என்றேன். நாலைந்து பேர் கேட்பார்கள் என்று நினைத்தேன். வந்த கேள்விகளைப் பார்த்தால் பாதி வீட்டு ஜன்னல் கயிறு கட்டித்தான் நிற்கிறது போலிருக்கிறது.

அண்ணே, எங்கள் வீட்டில் யூபிவிசி ஜன்னல். கைப்பிடி முறிந்துவிட்டது. கடைக்குப் போனால் "என்ன சைஸ்?" என்கிறார்கள். எதை அளந்து சொல்வது? (பள்ளிக்கரணை)

முதலில் கழற்றுங்கள் தம்பி, அளப்பது அப்புறம். கைப்பிடியின் அடியில் இருக்கும் தகட்டுக்கு ஒரு மூடி உண்டு. அதை நகத்தால் லேசாகத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பினால் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஸ்க்ரூ தெரியும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள். புதுக் கைப்பிடியையும் திறந்த நிலையில் வைத்தே மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் "மூடு" என்று திருப்பினால் திறக்கும், "திற" என்று திருப்பினால் மூடும்.

இப்போது மூன்று அளவு. இரண்டு ஸ்க்ரூ துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு எவ்வளவு: பெரும்பாலும் 43 மில்லிமீட்டர். பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சதுரத் தண்டின் கனம்: பெரும்பாலும் 7 மில்லிமீட்டர். இந்த இரண்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த பொது அளவு என்பதால் கம்பெனி மாறினாலும் அதிகம் மாறாது. ஆளை ஏமாற்றுவது மூன்றாவது அளவுதான். தகட்டின் அடியிலிருந்து தண்டின் நுனி வரை உள்ள நீளம். இது 30, 35, 40 என்று ஜன்னல் சட்டத்தின் தடிமனுக்கு ஏற்ப மாறும். நீளம் கூடினால் கைப்பிடி சட்டத்தோடு ஒட்டி உட்காராது. அதைக்கூட ஹாக்ஸா பிளேடால் அறுத்துச் சரிசெய்துவிடலாம். குறைந்தால்தான் வினை. தண்டின் நுனி மட்டும் பூட்டுக்குள் தொட்டுக்கொண்டு நிற்கும். கொஞ்ச நாள் வேலை செய்யும், பிறகு சதுர மூலை மழுங்கிச் சும்மா சுற்றும்.

தண்டுக்குப் பதிலாகக் கவட்டை மாதிரி இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தால் அது வேறு ரகம், அலுமினிய ஜன்னல்களில் அதிகம் பார்க்கலாம். அதற்கு இந்த அளவுகள் உதவாது. எந்த ரகமாக இருந்தாலும் உடைந்த கைப்பிடியைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போவதே உத்தமம். வாட்ஸப்பில் படம் அனுப்பிக் கேட்பவர்களுக்குச் சரியான கைப்பிடி கிடைத்து நான் பார்த்ததில்லை. படத்தில் தண்டின் நீளம் தெரியாதே.

ஐயா, நானே மாற்றினேன், அளவும் சரி. மூன்று மாதத்தில் மறுபடி உடைந்துவிட்டது. மட்டமான சரக்கா? (கோயம்புத்தூர்)

சரக்கு மட்டமாகவும் இருக்கலாம். ஆனால் கைப்பிடி தானாக உடைவது அபூர்வம். யாரோ பலம் போட்டுத் திருப்பியிருக்கிறார்கள், பலம் போட வேண்டிய நிலையில் ஜன்னல் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் எத்தனை கைப்பிடி வாங்கினாலும் கடைக்காரருக்குத்தான் லாபம். கடைக்காரனாக இருந்தவன் சொல்கிறேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். ஜன்னலை முழுக்கத் திறந்து, காற்றில் நிற்கும்போதே கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். வெண்ணெய் மாதிரி திரும்புகிறதா? அப்படியானால் பூட்டு நன்றாக இருக்கிறது. சாத்திய பிறகு திருப்பும்போது மட்டும் இறுகினால், கதவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். பூட்டின் முளைகள் சட்டத்தில் இருக்கும் கொண்டிக்குள் நேராகப் போகாமல் இடிக்கின்றன. மேலும் கீழும் உள்ள கீல்களின் ஸ்க்ரூக்களை இறுக்குங்கள். துளை தளர்ந்திருந்தால் ஒரு சைஸ் தடித்த ஸ்க்ரூ போடுங்கள். கீல் தேய்ந்திருந்தால் கீலைத்தான் மாற்ற வேண்டும்.

திறந்திருக்கும்போதே இறுகினால் கோளாறு பூட்டுப்பெட்டியில். கதவின் விளிம்பில் நீளமாக ஓடும் தகட்டின் இடுக்குகளில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, இருபது தடவை திருப்புங்கள். பாதி ஜன்னல்கள் இதிலேயே சரியாகிவிடும். கைப்பிடி சுற்றுகிறது, ஆனால் முளைகள் அசையவில்லை என்றால் தண்டு குட்டை, அல்லது பெட்டிக்குள் பல் போய்விட்டது. பெட்டி தனியாகவும் கிடைக்கும்.

என் வீட்டு மாடி ஜன்னலுக்கு நான் மூன்று கைப்பிடி மாற்றியிருக்கிறேன். நாலாவது வாங்கக் கிளம்பும்போது வீட்டுக்காரி கேட்டாள்: "அந்தக் கதவு கீழே உரசிக் கோடு விழுந்திருக்கே, அதைப் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. கீலில் ஒரே ஒரு ஸ்க்ரூ கழன்றிருந்தது.

காரைக்குடி பக்கம் ஆத்தா வீடு. பர்மாத் தேக்கு ஜன்னல்களில் பித்தளைக் கைப்பிடியும் கொக்கியும். நாலைந்து காணாமல் போய்விட்டன. எல்லாவற்றையும் மாற்றிப் புதிதாகப் போட்டுவிடலாமா அண்ணா?

தங்கச்சி, தயவுசெய்து வேண்டாம். உங்கள் வீட்டுக் கைப்பிடி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போங்கள். பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிந்த வீடுகளின் ஜன்னல் சாமான்கள் அங்கேதான் வந்து சேர்கின்றன. நாலு கடை ஏறி இறங்கினால் ஜோடி கிடைத்தாலும் கிடைக்கும். கிடைக்காவிட்டால் மாதிரி கொடுத்துப் பித்தளையில் வார்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள். ஒன்று இரண்டு என்றால் செலவு உறைக்கும், நாலைந்தைச் சேர்த்துக் கொடுங்கள்.

புதிது வாங்கினால் காந்தம் கொண்டுபோங்கள். ஒட்டினால் இரும்பின் மேல் பித்தளை முலாம். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பாதீர்கள், துத்தநாகக் கலவையில் வார்த்து முலாம் பூசியதும் ஒட்டாது. பின்பக்கத்தில் மறைவான ஓர் இடத்தில் அரத்தால் லேசாகச் சுரண்டச் சொல்லுங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, வெள்ளையாக இருந்தால் கலவை. சுரண்ட விடாத கடைக்காரரிடம் வாங்க வேண்டாம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பல ஆசாரிகளே இதில் அவசரப்படுகிறார்கள். பித்தளை ஸ்க்ரூ மிருது. காய்ந்த தேக்கில் நேரடியாக முறுக்கினால் பாதியில் தலை துண்டாகிவிடும், உடல் மரத்துக்குள் நின்றுவிடும். ஸ்க்ரூவைவிட மெல்லிய பிட்டால் துளை போட்டு, அதே அளவு இரும்பு ஸ்க்ரூ ஒன்றை ஒருமுறை முறுக்கி ஏற்றிக் கழற்றுங்கள். மரத்தில் மரை விழுந்துவிடும். அப்புறம் பித்தளை ஸ்க்ரூவின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து ஏற்றினால் கையாலேயே போகும். மெஷின் வேண்டாம்.

பழைய துளை தளர்ந்திருந்தால் மூங்கில் சிம்பை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, ஒரு ராத்திரி காயவிட்டு, சமமாகச் சீவிவிட்டு மறுபடி துளை போடுங்கள். தீக்குச்சியும் அவசரத்துக்கு ஆகும். கறுத்துப்போன பித்தளைக்குப் புளி போட்டுத் தேய்ப்பது ஆத்தாவுக்கே தெரிந்திருக்கும். ஆனால் புதுக் கைப்பிடியில் வார்னிஷ் மாதிரி ஒரு பூச்சு இருக்கும், அதைப் புளி திட்டுத்திட்டாக்கிவிடும். அதற்கு ஈரத்துணி போதும்.

கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. எந்தக் கைப்பிடி போட்டாலும் ஒரு வருடத்தில் பொரிந்துவிடுகிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் நிற்குமா? (தூத்துக்குடி)

எந்த ஸ்டெயின்லெஸ் என்பதைப் பொறுத்தது சார். கடையில் சும்மா "எஸ்.எஸ்." என்று கொடுப்பது பல நேரம் 202 என்ற தரம். மதுரையில் நிற்கும், உங்கள் தெருவில் நிற்காது. 304 பரவாயில்லை, உப்புக்காற்றில் தேநீர் நிறத்தில் கறை விழும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருக்கிறது, உப்பைத் தாங்குவது அதனால்தான். விலை கூடும். காந்தத்தை வைத்து 202-ஐயும் 304-ஐயும் பிரிக்க முடியாது, இரண்டிலும் சரியாக ஒட்டாது. பெட்டியில் தர எண் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள், பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.

பொரிந்துபோவது என்று நீங்கள் சொல்வது துத்தநாகக் கலவையின் மேல் பூசிய குரோமியம் கொப்புளிப்பது. எந்த உலோகம் போட்டாலும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். கைப்பிடியோடு வரும் ஸ்க்ரூ சாதா இரும்பாக இருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ வாங்குங்கள். அலுமினியச் சட்டத்தில் ஏற்றுவதாக இருந்தால் மரையில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா?

தலைக்கு. ஜன்னலில் விட்டால் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும்.

மழைக்காலத்தில் மர ஜன்னல் இறுகி, இழுத்ததில் கைப்பிடி ஸ்க்ரூவோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆசாரி, கதவை இழைத்துவிடலாம் என்கிறார். (கும்பகோணம்)

ஐப்பசி கார்த்திகையில் இழைத்தால் மாசியில் இடுக்கு வழியாகப் பல்லி வரும். மரம் ஈரம் குடித்து ஊதியிருக்கிறது, காய்ந்தால் தானே சுருங்கும். இப்போதைக்கு உரசும் விளிம்பில் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். தை பிறந்த பிறகும் உரசினால் இழைக்கலாம். இழைத்த இடத்தில் அன்றைக்கே பெயின்ட் அடித்துவிட வேண்டும். பச்சையாக விட்டால் அடுத்த மழையில் அந்த இடம்தான் முதலில் ஊதும்.

பிடுங்கிக்கொண்ட கைப்பிடியை மறுபடி ஸ்க்ரூ போட்டு மாட்டாதீர்கள். சட்டத்தைக் குறுக்கே துளைத்து, வெளிப்பக்கம் வாஷர் வைத்து போல்ட் நட்டு போடுங்கள். அழகு கொஞ்சம் குறையும். தொங்கினாலும் வராது.

1970-களில் கட்டிய வீடு, இரும்பு ஜன்னல். கைப்பிடி தேய்ந்து ஆடுகிறது. ஜன்னலையே மாற்றச் சொல்கிறார்கள். (வேலூர்)

மாற்றச் சொல்கிறவர் புது ஜன்னல் விற்கிறவராக இருப்பார். அந்தக் கைப்பிடி ரிவெட் அடித்ததா, ஸ்க்ரூவா என்று பெயின்டைச் சுரண்டிப் பாருங்கள். ரிவெட் என்றால் தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் (கூர்முனை இரும்புக் குச்சி) வைத்துத் தட்டி, அதே கனத்து பிட்டால் தலையை மட்டும் துளைத்து எடுத்தால் மிச்சம் உதிர்ந்துவிடும். ஸ்க்ரூ என்றால் புது ஸ்க்ரூ இரண்டு சுற்று போய் முரண்டுபிடிக்கலாம். பழையது இஞ்ச் மரை, நீங்கள் ஏற்றுவது மில்லிமீட்டர் மரை. வலுக்கட்டாயமாக முறுக்காமல் ஒரு லேத் பட்டறையில் புது மரை போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆடுவது கைப்பிடியின் நடு ஆணி மட்டும்தான் என்றால் ஒரு வாஷர் சேர்த்து அடித்தால் போதும்.

ஐந்தாவது மாடி, அலுமினிய ஸ்லைடிங் ஜன்னல், கிரில் இல்லை. மூன்று வயதுப் பிள்ளை லாக்கைத் திறக்கக் கற்றுக்கொண்டான். சாவி போடும் கைப்பிடி வாங்கினால் போதுமா அண்ணா?

போதாதம்மா. சாவி போடும் லாக் மாட்டுங்கள், சரி. ஆனால் நாம் ஒருநாள் சாவியைத் திருப்ப மறப்போம். அதனால் கீழ்த் தண்டவாளத்தில் ஒரு ஸ்டாப்பரும் போடுங்கள். கதவு 10 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. சாவியைப் பெரியவர்கள் கை எட்டும் உயரத்தில் அதே அறையில் ஆணியில் மாட்டுங்கள், பீரோவில் பூட்டி வைக்காதீர்கள், ஆபத்து என்றால் தேட நேரமிருக்காது. ஜன்னலுக்குக் கீழே இருக்கும் கட்டிலை இன்றைக்கே நகர்த்துங்கள். கைப்பிடி நாளைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

புதுக் கைப்பிடி அழகாக இருக்கிறது, ஆனால் திருப்பினால் கிரில் கம்பியில் இடிக்கிறது. (திருச்சி)

வாங்கும் முன் சட்டத்துக்கும் கிரிலுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்திருக்க வேண்டும். கைப்பிடி எவ்வளவு முன்னால் துருத்துகிறதோ அதற்கு மேல் ஒரு விரல் இடமாவது வேண்டும், திருப்பும் கைக்கும் இடம் வேண்டுமில்லையா. கழுத்துக் குட்டையான தட்டைக் கைப்பிடி கிடைக்கும், மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். கம்பியை அறுக்க வேண்டாம்.

வாடகை வீடு. மாற்றினால் வீட்டுக்காரர் காசு தருவாரா?

அதற்கு என்னிடம் மருந்து இல்லை தம்பி. பழைய கைப்பிடியை ஒரு கவரில் போட்டுப் பரண்மேல் வையுங்கள். காலி செய்யும்போது அதை மாட்டிவிட்டு உங்களுடையதைக் கழற்றிக்கொண்டு போங்கள். தண்டை அறுத்து மாட்டியிருந்தால் மட்டும், அடுத்த வீட்டில் அது பொருந்துவது உங்கள் அதிர்ஷ்டம்.