அம்மாவுக்கு ஒரு நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடுமா?

கேள்வி: அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்கு வயது 66. தனியாகத்தான் இருக்கிறார், எங்களோடு வந்துவிடுங்கள் என்றால் கேட்பதில்லை. சாப்பாடு குறைந்துவிட்டது, போனில் நான்கு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. மனநல மருத்துவரிடம் காட்டினோம், மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார். பக்கத்து வீட்டு நாய் வந்தால் மட்டும் முகம் தெளிகிறது, அதனோடு நிறையப் பேசுகிறார். அதைப் பார்த்துவிட்டு என் தம்பி, ‘பிறந்தநாளன்று சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுபோய் மடியில் வைத்துவிடலாம், அப்புறம் மாத்திரையே தேவைப்படாது’ என்கிறான். அம்மாவுக்கு முழங்கால் வலி வேறு உண்டு. அவரால் பார்த்துக்கொள்ள முடியுமா? நாளைக்கு அந்த நாயும் போய்விட்டால் தாங்குவாரா? நாய் நிஜமாகவே மனதைக் குணப்படுத்துமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: முதலில் தம்பிக்கு ஒரு போன் போட்டு, அந்தப் பிறந்தநாள் ஏற்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். நல்ல மனதோடுதான் யோசித்திருக்கிறார், அம்மாவைக் கவனித்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார், அதிலெல்லாம் குறையில்லை. ஆனால் பிடிக்காத பரிசு என்றால் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடலாம். ஓர் உயிரை மடியில் வைத்துவிட்டு நீங்கள் இருவரும் இரண்டு நாளில் கிளம்பிவிட்டால், வேண்டாம் என்று சொல்லவும் முடியாமல் வைத்துக்கொள்ளவும் முடியாமல் அம்மா திண்டாடுவார். அதைவிட மோசம், பிள்ளைகள் மனசு கஷ்டப்படக் கூடாதே என்று சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்வார்.

சரி, குணப்படுத்துமா என்ற கேள்விக்கு வருகிறேன். நாய் ஆறுதல் தரும், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. குணப்படுத்தும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன்.

ஆறுதல் என்பது வெறும் நினைப்பும் அல்ல. நாயும் அதை வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினார்கள். தாய்க்கும் கைக்குழந்தைக்கும் நடுவே பாசத்தை வளர்க்கிற அதே ஹார்மோன்தான். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இது நடக்கவில்லை என்பது கூடுதல் சுவாரஸ்யம். நாயைத் தடவிக்கொடுக்கும்போது ரத்த அழுத்தம் இறங்குவதையும் அளந்திருக்கிறார்கள். 1980-ல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வை இன்றுவரை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள்: இதய நோய்க்குச் சிகிச்சை பெற்று மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய 92 பேரை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, செல்லப்பிராணி வைத்திருந்த 53 பேரில் 3 பேர் இறந்திருந்தார்கள், இல்லாத 39 பேரில் 11 பேர். இதைப் படித்தவுடன் தம்பி கட்சிக்குத் தாவிவிடாதீர்கள். மிகச் சிறிய ஆய்வு அது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளையும் சேர்த்து அலசிய அமெரிக்க இதய சங்கம், நாய் வளர்ப்பதற்கும் இதய நோய் ஆபத்து குறைவதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று 2013-ல் ஒப்புக்கொண்டது, ஆனால் அந்தப் பலனை மட்டுமே முதன்மையாக நினைத்து ஒரு பிராணியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம் என்றும் கூடவே சொன்னது. முதல் பாதியை எல்லோரும் பகிர்கிறார்கள், இரண்டாவது பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

மாத்திரை விஷயத்தில் நான் கறாராகத்தான் சொல்வேன். நியூயார்க்கில் போரிஸ் லெவின்சன் என்று ஒரு குழந்தை மனநல நிபுணர் இருந்தார், அவருடைய நாயின் பெயர் ஜிங்கிள்ஸ். யாரோடும் ஒட்டாத ஒரு குழந்தையைப் பெற்றோர் குறித்த நேரத்துக்கு முன்பே கூட்டிவந்துவிட, அறையில் தற்செயலாக இருந்த ஜிங்கிள்ஸோடு அந்தக் குழந்தை பழக ஆரம்பித்தது. நாயை வைத்துக்கொண்டே சிகிச்சையைத் தொடர்ந்து, 1961-ல் சக நிபுணர்கள் முன்னால் அதைப் பற்றிப் பேசினார், கேட்டவர்களில் சிலர் கேலியும் செய்தார்கள். விலங்குகளைத் துணையாக வைத்துச் செய்யும் இன்றைய சிகிச்சைக்கெல்லாம் அவரைத்தான் முன்னோடியாகச் சொல்கிறார்கள். இதில் கவனிக்க வேண்டியது, நாய் கதவைத்தான் திறந்தது, சிகிச்சை செய்தது லெவின்சன். அதனால் அம்மாவின் மாத்திரையை நாய் வந்தாலும் வராவிட்டாலும் மருத்துவர் சொல்லாமல் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. திடீரென நிறுத்தினால் சில மாத்திரைகள் தலைசுற்றல், தூக்கமின்மை, பதற்றம் என்று வேறு தொல்லைகளைக் கிளப்பும்.

அப்படியானால் நாய் என்னதான் செய்கிறது? துக்கத்தில் இருப்பவர்களுக்கு நேரம் என்பதே குழம்பிப்போகும். எழுந்து என்ன ஆகப்போகிறது, யாருக்காகச் சமைப்பது, யாரிடம் பேசுவது. நாய்க்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. விடிந்ததும் கட்டில் பக்கத்தில் வந்து நின்று, முதலில் மூக்கால் கையை முட்டும், எழவில்லை என்றால் ஒரு பெருமூச்சு விட்டு அங்கேயே உட்காரும், அப்புறமும் எழவில்லை என்றால் முன்னங்காலைத் தூக்கி மெத்தை மேல் வைக்கும். எழுந்து கதவைத் திறந்தே ஆக வேண்டும். வெளியே போனால் நாலு பேர் நின்று அதன் பெயரைக் கேட்பார்கள், பதில் சொல்லியே ஆக வேண்டும். அதற்குச் சாப்பாடு வைக்கிற நேரத்தில் தானும் ஒரு வாய் சாப்பிடுவார். பேசுவதும் அப்படித்தான், ‘எப்படி இருக்கிறீர்கள், மனசைத் தேற்றிக்கொள்ளுங்கள்’ என்று அது திருப்பிச் சொல்லாது, அதனாலேயே அதனிடம் பேச வருகிறது. என் அனுபவத்தில் ஆறுதலில் பாதிக்கு மேல், நாய் நமக்குக் கொடுப்பதால் வருவதில்லை, நாம் அதற்குச் செய்தே தீர வேண்டியிருப்பதால் வருகிறது.

இதற்கு இன்னொரு பக்கம் உண்டு, தம்பி யோசிக்காத பக்கம். மருந்து டப்பாவுக்குப் பசிக்காது, தனிமையும் தெரியாது. நாய்க்கு இரண்டும் உண்டு. ஸ்வீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகத்தில் 58 நாய்களின் முடியையும் அவற்றை வளர்த்தவர்களின் முடியையும் எடுத்து, அதில் தேங்கியிருக்கிற கார்ட்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். 2019-ல் வெளிவந்த முடிவு: வளர்ப்பவருக்குக் கூடினால் நாய்க்கும் கூடுகிறது. நாயிடமிருந்து மனிதருக்குப் போவதைவிட மனிதரிடமிருந்து நாய்க்குப் போவதாகத்தான் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆக, எழுந்திருக்கவே முடியாத அளவு சோர்ந்திருக்கிற ஒருவரிடம், உதவிக்கு ஆளே இல்லாமல் ஒரு நாயை விட்டால், துவண்டுபோகிற உயிர் இரண்டாகிவிடும். அம்மா இப்போது எந்த நிலையில் இருக்கிறார் என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள், இன்னும் மூன்று மாதம் பொறுங்கள் என்று அவர் சொன்னால் பொறுங்கள்.

அடுத்து, குட்டியா பெரிய நாயா. குட்டி வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டு மாதக் குட்டி பார்க்க அழகு, உண்மைதான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சிறுநீர் கழிக்கும், நடுராத்திரியிலும். அம்மா குனிந்து துடைக்க வேண்டும். பல் முளைத்து விழுகிற ஆறேழு மாதம் வரை செருப்பு, நாற்காலிக் கால், கணுக்கால் என்று எதையும் விடாது. கால் நடுவே ஓடித் தடுக்கிவிடும். கயிற்றில் பிடித்து நாயை நடத்திப் போகும்போது விழுந்து எலும்பு முறிகிற 65 வயதைத் தாண்டியவர்களின் எண்ணிக்கை, அமெரிக்காவில் 2004-க்கும் 2017-க்கும் இடையில் இரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது, பெரும்பாலும் பெண்கள். முழங்கால் வலி இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

காப்பகங்களில் ஐந்தாறு வயது தாண்டிய சாதுவான நாய்கள் யாரும் கேட்காமல் கிடக்கும், எல்லோருக்கும் குட்டிதானே வேண்டும். அந்த வயதில் அதன் குணம் என்ன, எவ்வளவு பெரிதாகும், இழுக்குமா, குரைத்துத் தீர்க்குமா எல்லாம் தெரிந்துவிடும். நாளில் பாதி நேரம் தூங்கும். காலையும் மாலையும் நிதானமாக ஒரு நடை போதும் என்கிற நாயாகப் பாருங்கள். சப்பை மூக்கு இனங்களை வீட்டோடு கிடக்கும் என்று சிலர் சிபாரிசு செய்வார்கள், அவற்றுக்கு மூச்சுவிடுவதே பாடு, வெயிலில் உயிருக்கே ஆபத்து, அதனால் தவிர்த்துவிடுங்கள். பல காப்பகங்கள் சில வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கவும் விடுகின்றன. அதற்கும் முன்னால் பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசி, அவருடைய நாயைத் தினமும் அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளட்டுமா என்று கேட்கலாம். அதுவே போதும் என்று அம்மா நினைத்தால் அத்தோடு விட்டுவிடுங்கள், நமக்கென்று ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

வீட்டுக்குக் கொண்டுவந்தால், முதல் சில நாள் சாப்பிடாமல் மூலையில் ஒடுங்கிக் கிடந்தால் பயப்பட வேண்டாம். பழக மூன்று வாரம், இது நம் வீடு என்று நம்ப மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த மூன்று வாரத்தில் உங்களில் ஒருவர் அம்மாவோடு இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. சொந்தக்காரர்களைக் கூட்டி நாய் காட்டாதீர்கள். அது தனியாகப் போய்ப் படுக்க ஓர் இடம் வேண்டும், அங்கே படுத்துவிட்டால் யாரும் தொடக் கூடாது.

அம்மாவுக்குச் சொல்லித் தர வேண்டிய ஒன்று, துக்கத்தில் நாயை இறுக்கிக் கட்டிக்கொள்ளத் தோன்றும், பெரும்பாலான நாய்களுக்கு அது பிடிக்காது. மார்பிலோ கழுத்தோரத்திலோ மூன்று விநாடி தடவிவிட்டுக் கையை எடுத்துப் பார்க்கட்டும். உடம்பைச் சாய்த்து மறுபடி கையைத் தேடி வந்தால் தொடரலாம். முகத்தைத் திருப்பினால், உதட்டை நக்கினால், தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விட்டால், கண் ஓரத்தில் வெள்ளை தெரியப் பார்த்தால், விடச் சொல்கிறது என்று பொருள். கடிக்கிற நாய்களில் அநேகம் இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிப் பார்த்தவைதான். அப்புறம், தனியாக விட்டுப் போன நேரத்தில் கதவைப் பிறாண்டி வைத்தால் பழி வாங்குகிறது என்று திட்டாதீர்கள், பயத்தில் செய்வது அது. வீட்டுக்குள் நுழைந்ததும் குற்ற உணர்ச்சியோடு பார்ப்பதுபோல ஒரு முகம் வைக்குமே, அது நம் கோபத்தைப் பார்த்து வருகிற முகம். தப்பே செய்யாத நாயும் திட்டினால் அப்படித்தான் பார்க்கும் என்று 2009-ல் ஒரு சோதனையிலேயே தெரிந்துவிட்டது.

உடல்நலப் பராமரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கால்நடை மருத்துவர் விரிவாகச் சொல்வார். ரேபிஸ் தடுப்பூசியும் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான ஊசியும் தேதி தவறக் கூடாது. பூச்சி மருந்து, உண்ணி மருந்து, கருத்தடை அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம், பூண்டு, சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கிற சைலிடால் கலந்த இனிப்பு ஆகியவை நாய்க்கு விஷம். அம்மா வீட்டில் முழங்கால் வலிக்கு மாத்திரை இருக்கும் அல்லவா, பாராசிட்டமால், இப்யூபுரூஃபன் இரண்டுமே நாய்க்கு ஆபத்து. பாவம் நொண்டுகிறதே என்று பாதி உடைத்துக் கொடுத்துவிடப் போகிறார், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எந்த நாய் கடித்தாலும் கீறினாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும், நம் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடக் கூடாது.

கடைசியாக உங்கள் இரண்டாவது பயம். நாய்களின் ஆயுள் பெரும்பாலும் பத்திலிருந்து பதின்மூன்று வருடம், சின்ன இனங்கள் இன்னும் கொஞ்சம் கூட இருக்கும். ஆறு வயது நாயை எடுத்தால் அம்மாவின் எழுபதுகளில் அது போகும், அழுவார், நிச்சயம் அழுவார். ஆனால் அந்தத் துக்கம் வரக் கூடாது என்பதற்காக அவருக்குப் பதிலாக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், அதைத் தெரிந்தே ஏற்கிற வயதும் பக்குவமும் அவருக்கு இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய கவலை மறுபக்கம்தான். அம்மாவுக்கு அறுவை சிகிச்சை என்று ஒரு மாதம் படுத்துவிட்டால், அல்லது நாய்க்கு முன்னால் அவர் போய்விட்டால், அந்த நாய் யார் வீட்டுக்குப் போகும்? ‘பார்த்துக்கலாம்’ என்ற பதில் செல்லாது. நாய்களைக் காப்பகத்தில் கொண்டுவந்து விடுகிறவர்களில் பலர் ஒரு காலத்தில் பார்த்துக்கலாம் என்றவர்கள்தான். நீங்களும் தம்பியும் உட்கார்ந்து, மருத்துவச் செலவு யாருடையது, அம்மாவால் முடியாத நாளில் நடத்திப் போக யாருக்குச் சம்பளம் கொடுத்து ஏற்பாடு செய்வது, கடைசியில் நாய் யாரிடம் என்று பேசி முடிவு செய்யுங்கள். உங்கள் இருவரில் ஒருவர்கூட ‘என் வீட்டுக்கு வரட்டும்’ என்று சொல்லவில்லை என்றால் நாய்ப் பேச்சையே எடுக்காதீர்கள்.

சொன்னால், அடுத்த முறை போகும்போது அம்மாவிடம் நேராகவே கேளுங்கள்: ‘உங்களுக்கு ஒரு நாய் வேண்டுமா, அம்மா?’ வேண்டாம் என்றால் ஏன் என்று குடையாமல் விட்டுவிடுங்கள், ஆறு மாதம் கழித்து அவரே கேட்கலாம், கேட்காமலும் போகலாம். வேண்டும் என்றால் காப்பகத்துக்கு அவரையும் கூட்டிப் போங்கள், எந்த நாய் என்று தேர்ந்தெடுப்பது அவராக இருக்கட்டும், தம்பி பணம் கட்டட்டும்.